ஒரு பை காலி டப்பா

"உனக்கு வீட்ல என்ன கொறைச்சல்? சோறு போடலயா நான்? மூணு வேளையும் பொங்கிக் கொட்டறேன்ல? அப்புறம் எதுக்குக் காயலாங்கடைக்காரன் மாதிரி ஊர் மண்ணையெல்லாம் கிளறிக்கிட்டுத் திரியுற?"

ஜிந்தனாவின் குரல் எங்கள் சந்தின் முதல் வீட்டில் கிளம்பினால் கடைசி வீட்டு நாய் எழுந்து நிற்கும். நான் நடு வீடு. கடற்கரையில் வாடகைக்கு விடும் சாய்வு நாற்காலிகளின் துணிகளை அலசிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன். பாதித் துணிதான் அழுக்கு. இருந்தாலும் அன்று எல்லாவற்றையும் அலசினேன். சண்டை முடிகிற வரைக்கும் கைக்கு ஒரு வேலை வேண்டுமே.

"காயலான் இல்லை," என்றார் அவள் வீட்டுக்காரர். அரை டிரவுசர், முழங்கால் வரை உப்பு, தோளில் அந்த மிஷின். "ஹாபி. கடல் பக்கம் நடை. டாக்டர் சொன்னார், நெஞ்சுக்கு நடை நல்லது."

"நடக்கச் சொன்ன டாக்டர் குனியச் சொன்னாரா? குழி தோண்டச் சொன்னாரா? சனிக்கிழமை சுபன்புரியிலேருந்து நம்ம நிம்மைப் பொண்ணு கேட்டு வர்றாங்க. அரிசி ஆலைக்காரங்க. மாப்பிள்ளையோட அம்மா கண்ணுல நீ இந்தக் கோலத்துல பட்டேன்னு வச்சுக்கோ, அப்படியே வண்டியத் திருப்பிடுவாங்க. அதுவரைக்கும் இந்த மிஷினத் தொடக்கூடாது. தொட்டா நானே தூக்கிக் கடல்ல போடுவேன்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "கடலில் போட்டால் கஷ்டம். அதைக் கண்டுபிடிக்க இன்னொரு மிஷின் வேண்டும்."

கேலி இல்லை, நிஜமாகவே யோசித்துத்தான் சொன்னார். நான் ஈரத்துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். ஜிந்தனா வாசல் கேட்டை அடித்துச் சாத்தியதில் கொடியே ஆடியது.

அவர் பெயர் ஹெங்க். ஹாலந்துக்காரர், ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வு பெற்று எங்கள் தாய்லாந்துக்கு வந்தவர். எங்கள் வாயில் அது ஹேங் என்று ஆனது. எங்கள் பக்கத்துச் சீனக் குடும்பங்களில் அதிர்ஷ்டக்காரனை அப்படிச் சொல்வார்கள். ஜிந்தனா என் குடைகளுக்குப் பக்கத்தில் கரி அடுப்பு வைத்துக் கணவாய் சுட்டு விற்றுக்கொண்டிருந்த காலத்தில், தினம் ஒரு குச்சிக் கணவாய் வாங்கிச் சாப்பிட்டே அவளைக் கல்யாணம் பண்ணிக்கொண்டவர். அப்போது நிம் பள்ளிக்கூடப் பிள்ளை. பெற்றவன் மீன்பிடிப் படகில் போய் வேறு துறைமுகத்தில் வேறு குடும்பமாகிவிட்டான். நிம்மைப் படிக்க வைத்தது, பாங்காக்கில் காலேஜ் சேர்த்தது, டெங்கு வந்தபோது ஆஸ்பத்திரித் தரையில் படுத்துக் கிடந்தது எல்லாம் இவர்தான். ஓடு பதித்த மதிலோடு மாடி வீடும் கட்டிக் கொடுத்தார். அந்த மதில் உயர உயர ஜிந்தனாவின் மோவாயும் உயர்ந்ததை நாங்கள் கவனிக்காமல் இல்லை.

எல்லாம் நன்றாகத்தான் போனது, அந்த மிஷின் பார்சலில் வருகிற வரை. ஒரு நீளத் தடி, நுனியில் வட்டத் தட்டு, காதில் மாட்ட ஒரு ஹெட்போன், அதோடு நீளக் காம்பு வைத்த ஓட்டைக் கரண்டி ஒன்று. விடிந்ததும் கடலோரம் தட்டை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே நடப்பார். மண்ணுக்கடியில் உலோகம் இருந்து மிஷின் கூவினால் குனிவார், தோண்டுவார், சலிப்பார், எடுப்பார், குழியை மூடி உள்ளங்கையால் தடவிவிடுவார். அவர் ஊரில் இது கௌரவமான பொழுதுபோக்காம். போனில் படம் காட்டினார்; கிழவர்கள் வரிசையாக ஒரே மாதிரித் தொப்பி போட்டு, ஃபிளாஸ்க்கும் மிஷினுமாக நிற்கிறார்கள், ஏதோ மெடல் வாங்கியவர்கள் மாதிரி. சரிதான், அங்கே அப்படி. எங்கள் சா-ஆம் ஊரில் குனிந்து தரையில் கிடப்பதைப் பொறுக்குகிறவர்கள் யார்? மூன்று சக்கர வண்டியில் ஹாரன் அடித்துக்கொண்டு பழைய பேப்பர், காலி பாட்டிலுக்கு வருகிறவர்கள். அதற்கும் கீழே எங்களுக்கு ஒரு பிழைப்பு தெரியாது.

"ஹேங் மாமா, இன்னிக்குப் புதையலா, மூடியா?" என்று, காற்றடைத்த குழாய்ப் படகில் சுற்றுலாக்காரர்களை ஏற்றி இழுக்கும் பையன்கள் கத்துவார்கள். "மூடி!" என்று அவர் பாட்டில் மூடியைத் தூக்கிக் காட்டுவார், பெரிய மீன் பிடித்தவர் மாதிரி. எப்போதாவது குழந்தைக் கொலுசு கிடைக்கும், உரியவரைத் தேடிப் பிடித்துக் கொடுப்பார். ஒரு முறை புத்தர் டாலர் கிடைத்தபோது நேரே விகாரையில் கொண்டுபோய் வைத்தார். இதெல்லாம் யார் கண்ணில் படுகிறது? சந்தையில் ஜிந்தனாவிடம், "அக்கா, பென்ஷன் நின்னுபோச்சாமே? மாமா பொறுக்க ஆரம்பிச்சுட்டாராமே?" என்றுதான் கேட்டார்கள். அந்தப் பேச்சை நான் கிளப்பவில்லை. கேட்டதை நாலு பேரிடம் சொன்னேன், அவ்வளவுதான்.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் மிஷின் வெளியே வரவில்லை. அந்த இரண்டு நாளும் கடல் கொந்தளித்தது. கொந்தளித்து அடங்கினால் மேல்மணல் அடித்துப் போய், பல வருஷமாக அடியில் கிடந்ததெல்லாம் மேலே வரும் என்று அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை விடிந்தபோது கடல் கண்ணாடி மாதிரி வெகுதூரம் உள்வாங்கிக் கிடந்தது. விருந்தாளிகள் மத்தியானம்தானே வருகிறார்கள் என்று நினைத்திருப்பார். ஜிந்தனா முடி அலங்காரத்துக்குப் போன நேரம் பார்த்து ஆள் கிளம்பிவிட்டார். பார்த்தேன். பார்க்காதது மாதிரி குடையை ஊன்றிக்கொண்டிருந்தேன்.

வெயில் ஏறும்போது ஒரு பெரிய வேன் சவுக்கு மரத்தடியில் வந்து நின்றது. தடித்த, சிரித்த முகத்து அம்மாள் ஒருத்தி இறங்கி, என் முன்வரிசை நாற்காலியில் சாய்ந்து, நண்டு வருமா என்று கேட்டாள். கேள்வியின் கடைசியில் குரல் தொட்டில் மாதிரி ஆடியது. சுபன்புரிக்காரர்கள் வைதால்கூடத் தாலாட்டு மாதிரி இருக்கும். உட்கார்ந்த கையோடு அவள் வீட்டுக்காரர் பியர் டப்பாவைத் திறந்தார்.

"பொண்ணு பாக்க வந்தோம் அக்கா," என்றாள் என்னிடம். பெயர் சுமாலியாம். "மத்தியானம்தான் நேரம். எனக்கு நண்டுன்னா உசிரு, அதான் சீக்கிரமாவே வந்துட்டோம். சம்பந்தியையும் இங்கயே வரச் சொல்லி போன் பண்ணிட்டேன். பையன் பாங்காக்லேருந்து பொண்ணைக் கூட்டிக்கிட்டு வர்றான்." விரலில் ஒரு மோதிரத்தைத் திருகிக் காட்டினாள். "நிச்சயத்துக்கு இதுதான். என் மாமியார் எனக்குப் போட்டது. பையில வச்சா தொலஞ்சிரும்னு கையிலயே போட்டுக்கிட்டேன்."

நான் இன்னும் கொஞ்சம் ஐஸ் வைத்துக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன். நண்டு வந்தது. இரண்டு கையாலும் உடைத்துச் சாப்பிட்டுக்கொண்டே கடலைப் பார்த்தவள், சட்டென்று நிறுத்தினாள்.

"அய்யோ பாவம், அங்க பாருங்களேன். வெள்ளைக்காரத் தாத்தா. மண்ணுல என்னமோ பொறுக்குது."

"தகரம் பொறுக்குவாராயிருக்கும்," என்றார் வீட்டுக்காரர், கண் திறக்காமல்.

சொல்லியிருக்கலாம், அவர்தான் உங்கள் சம்பந்தி என்று. ஆனால் நான் நாற்காலி வாடகைக்கு விடுகிறவள். குடும்ப விஷயத்தில் தலையிடுகிற பழக்கம் எனக்கு இல்லை.

ஜிந்தனா ஓடி வந்தாள். முடி அலங்காரத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். தலையில் ஒரு பக்கம் சுருள், மறு பக்கம் நேர். மூச்சு வாங்கக் கும்பிட்டு உட்கார்ந்தாள். சுமாலி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, வந்த வாக்கிலேயே ஆரம்பித்தாள்.

"வாம்மா, உங்க ஊர்க் கொடுமையப் பாத்தியா? அந்தத் தாத்தாவப் பாரு. எவளோ ஒருத்தி வீடு, காசு எல்லாத்தையும் எழுதி வாங்கிக்கிட்டுத் தொரத்தி விட்டிருப்பா. டிவியில காட்டறாங்களே, அது மாதிரி. அவளெல்லாம் நல்லாவா இருப்பா?"

ஜிந்தனா பார்த்தாள். தண்ணீர் ஓரத்தில் ஹெங்க் மண்டியிட்டுக் கரண்டியைச் சலித்துக்கொண்டிருந்தார். அவள் முகத்தை நான் பார்த்தேன், அதற்காகத்தானே நின்றுகொண்டிருந்தேன். ஒரு நொடிதான். "ஆமாங்க்கா, இது எங்க வீட்டுக்காரர்தான், சும்மா பொழுதுபோக்கு" என்று சிரித்திருந்தால் முடிந்திருக்கும். ஆனால் அந்த அம்மாள்தான் அதற்குள், எழுதி வாங்கித் துரத்தினவள் என்று ஒருத்தியைச் செய்து வைத்துவிட்டாளே. ஒப்புக்கொண்டால் அந்த ஒருத்திக்குப் போட்ட நாற்காலியில் இவளே போய் உட்கார வேண்டும்.

"ஆமாங்க்கா. பாவம்," என்றாள் ஜிந்தனா.

"ஐயா எங்க? வரலயா?"

"அவரு... ஹாலந்து போயிருக்காருங்க. நெஞ்சு டாக்டரப் பாக்க. திடீர்னு போக வேண்டியதாப் போச்சு."

ஒரு பொய்க்கு இன்னொன்று முட்டுக்கொடுத்து நின்றது. அதற்குள் ஹெங்க் எழுந்து எங்கள் பக்கம் நடந்து வந்துகொண்டிருந்தார். குடையடியில் மனைவியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. கையைத் தூக்கினார். ஜிந்தனா தட்டில் இருந்த நண்டுக் காலை எடுத்து, அதை எந்தப் பக்கம் உடைப்பது என்று தெரியாதவள் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தூக்கிய கை அப்படியே நின்றது. பிறகு மெதுவாக இறங்கியது.

"பாரேன், கை காட்டுது. பசி போல," என்றாள் சுமாலி. "தாத்தா! வாங்க, வாங்க!"

நல்ல மனசுக்காரி, அதில் சந்தேகமே இல்லை. கீழே கிடந்த பியர் டப்பா, சோடா டப்பா எல்லாவற்றையும் தானே குனிந்து பொறுக்கி ஒரு பையில் போட்டாள். அதன் மேலே ஒட்டரிசிச் சோறும் சுட்ட கோழித் தொடையும் பொட்டலம் கட்டி வைத்தாள். "வித்துக்கோங்க தாத்தா. சோத்த ஆறுறதுக்குள்ள சாப்பிட்டுருங்க."

அவர் பையைப் பார்த்தார். ஜிந்தனாவைப் பார்த்தார். ஜிந்தனா கடலைப் பார்த்தாள். அவருக்குப் புரிந்துவிட்டது. மொழிதான் தடுமாறுமே தவிர, ஆள் மந்தம் இல்லை. மிஷினை முழங்கை மடிப்பில் தொங்கவிட்டு, இரண்டு கையாலும் பையை வாங்கினார். கைகூப்பி சுமாலியைக் கும்பிட்டார். பிறகு திரும்பி, அதே அளவு குனிந்து, முன்பின் தெரியாத பெரிய மனுஷியைக் கும்பிடுவது மாதிரி ஜிந்தனாவையும் கும்பிட்டார்.

"அய்யய்யோ, வயசுல மூத்தவங்க முதல்ல கும்பிடக்கூடாது தாத்தா, எங்க ஆயுசு கொறஞ்சிரும்!" என்று சுமாலி சிரித்துக்கொண்டே பதிலுக்குக் கும்பிட்டாள். இத்தனை வருஷம் இங்கே இருந்தவருக்கு அது தெரியாதா? ஜிந்தனாவின் கைகள் மடியிலேயே கிடந்தன. நண்டுச் சாறு முழங்கைக்கு வழிந்ததைக்கூடத் துடைக்கவில்லை.

அவர் போய்த் தூரத்தில் ஒரு சவுக்கு மரத்தடியில் உட்கார்ந்தார். வீட்டுக்குப் போகவில்லை. எப்படிப் போவார்? அவர்தான் ஹாலந்தில் இருக்கிறாரே.

கொஞ்ச நேரம் கழித்து சுமாலி கை கழுவக் கடலுக்குப் போனாள். எங்கள் ஜனங்கள் கடலைக் கண்டால் கையோடு நிறுத்துவதில்லை. உடுத்திய துணியோடு இடுப்பளவு இறங்கினாள், இரண்டு முறை முங்கினாள், பேத்தி வயசுப் பிள்ளைகளோடு சேர்ந்து அலையில் குதித்தாள். திரும்பி வரும்போதுதான் அலறினாள். விரல் முழுக்க நண்டு நெய், தண்ணீர் பட்டதும் மோதிரம் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. "மாமியார் மோதிரம்! நிச்சய மோதிரம்! பொண்ணு கேக்கப் போற அன்னிக்கா போகணும்? வேணாம்னு மேலேருந்து சொல்றாளோ என்னமோ. கெளம்பலாங்க, இன்னிக்கு வேணாம், எனக்கு மனசு சரியில்ல," என்று மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்து வேன் சாவியைத் தேடினார். ஜிந்தனாவின் முகம் எரிந்து சாம்பலான கரி மாதிரி வெளுத்தது.

சுமாலியே தலையை நிமிர்த்தினாள். "அந்தத் தாத்தா! மிஷின் வச்சிருந்தாரே! கூப்பிடும்மா, உங்க ஊர்க்காரர்தானே, நீ கூப்பிட்டா வருவாரு!"

ஜிந்தனா சவுக்கு மரத்தை நோக்கி நடந்தாள். எனக்கும் அந்தப் பக்கம் கட்டிப்போட்டிருந்த டியூப்களைப் பார்க்க வேண்டியிருந்தது.

பொட்டலம் பிரிக்காமல் பக்கத்தில் இருந்தது. அவள் எதிரே போய் நின்றாள்.

"மோதிரம் விழுந்துடுச்சு."

"எங்கே?"

"மூணாவது குடைக்கு நேரா. இடுப்புத் தண்ணி." பிறகு, சந்தே அதிரும் அந்தக் குரல் எங்கே போனதோ, "அப்புறமா சொல்லிடறேன். எல்லாம் முடியட்டும். சொல்லிடறேன்," என்றாள்.

"சரி," என்றார். ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டார். அதற்கு மேல் அவள் ஏதாவது சொல்லியிருந்தாலும் அவருக்குக் கேட்டிருக்காது.

கரையில் குதிகாலால் இரண்டு கோடு கிழித்தார். அந்த இரண்டுக்கும் நடுவே கரைக்கு இணையாகப் போவதும், ஒரு அடி தள்ளித் திரும்பி வருவதும், மறுபடி போவதுமாகத் தண்ணீரை உழுதார். கரையெல்லாம் கூட்டம். குழாய்ப் படகுப் பையன்கள்கூடக் கேலி செய்யவில்லை. ஒரு முறை கரண்டி மேலே வந்தது, மூடி. இன்னொரு முறை மீன்வலை ஈயம். தண்ணீர் மார்புக்கு ஏறிக்கொண்டிருந்தது. ஒரு கையால் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன், ஜிந்தனாவும் பார்த்தாள். பிறகு கரண்டி மறுபடி மேலே வந்தது. மணல் வழிந்து இறங்க, ஓட்டைகளுக்கு நடுவே மஞ்சளாக ஒன்று மின்னியது.

சுமாலி அழுதுகொண்டே அவர் ஈரக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "எங்க குடும்பத்தையே காப்பாத்திட்டீங்க தாத்தா. உங்க வீடு எங்க? உங்கள யாரு பாத்துக்கறா? பொண்டாட்டி, புள்ள யாரும் இல்லயா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "வீடு தூரம்," என்றார்.

ஜிந்தனாவின் உதடு பிரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், சொல்லத்தான் போனாள். ஆனால் அதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நிம் வந்துவிட்டாள், பின்னால் மாப்பிள்ளைப் பையன் ஏக். வந்தவள் மாமியாராகப் போகிறவளைக் கும்பிட்டாள். கும்பிட்ட கையோடு திரும்பி ஹெங்க் தோளிலிருந்து மிஷினைக் கழற்றினாள்.

"அப்பா, தொப்பி எங்க? எத்தனை தடவ சொல்றது? வெயில்ல நின்னுட்டு அப்புறம் தலவலி தலவலின்னு கெடப்பீங்க. ம்மா, நீயாவது சொல்லக் கூடாது?" தன் கைக்குட்டையால் அவர் கண்ணோரத்து உப்பைத் துடைத்தாள். பிறகு சுமாலியைப் பார்த்துச் சிரித்தாள். "எங்கப்பா அதுக்குள்ள உங்ககிட்ட பேசிட்டாராம்மா? நாந்தான் அறிமுகப்படுத்தணும்னு இருந்தேன்."

அலை வந்து குதிகால் கோட்டை அழித்துவிட்டுப் போனது. நிம் எல்லார் முகத்தையும் பார்த்தாள். பிறகு, மரத்தடியிலிருந்து மிஷினோடு எடுத்து வந்து அவர் கரையில் வைத்திருந்த பை அவள் கண்ணில் பட்டது.

"இது என்ன பை?"

"எனக்குக் கொடுத்தாங்க," என்றார் ஹெங்க். குறையாகச் சொல்லவில்லை. என்ன என்று கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான்.

சுமாலி முதலில் சிவந்தாள், பிறகு வெளுத்தாள், பிறகு ஈரத் துணியோடு மணலில் மண்டியிட்டு நெற்றி தரையில் படக் கும்பிட்டாள். ஜிந்தனா, "நான் சும்மா, ஒரு வெளையாட்டுக்குத்தான்..." என்று ஆரம்பித்தாள். அந்த வாக்கியத்தை முடித்துவைக்க யாரும் கை கொடுக்கவில்லை. நிம் தன் அம்மாவின் தலையில் பாதிச் சுருளையும் பாதி நேர் முடியையும் மாறி மாறிப் பார்த்தாள். எனக்கே பார்க்கக் கூசியது. எனக்கே என்றால் யோசித்துக்கொள்ளுங்கள்.

மத்தியானம் பெண் கேட்டார்கள். ஹெங்க் நீள பேண்ட் போட்டு சோபாவில் உட்கார்ந்திருந்தார். எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளை வீடுதான் பெண் வீட்டுக்குச் சீர் கொடுக்கும்; ஜிந்தனா கேட்டதுக்கு மேலேயே சுமாலி ஒத்துக்கொண்டாளாம்; பேரம் பேசுகிற நிலையில் அன்றைக்கு ரெண்டு சம்பந்தியும் இல்லை. கல்யாணத்தன்று பணமும் தங்கமும் சிவப்புத் துணியில் கொட்டி, எள்ளும் பூவும் தூவி மூட்டை கட்டினார்கள். அதைப் பெண்ணின் அம்மா தோளில் தூக்கி, கனம் தாங்காதவள் மாதிரி தள்ளாடித் தள்ளாடி உள்ளே கொண்டுபோக வேண்டும். எல்லாரும் அதைப் பார்த்துச் சிரிக்கத்தான் காத்திருப்பார்கள். நானும் காத்திருந்தேன். ஜிந்தனா தள்ளாடவில்லை. மூட்டையைத் தூக்கினாள், நேரே நடந்தாள், அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நிம் இப்போது சுபன்புரியில், ஆலைக் கணக்கு அவள் கையில்தான். போன் வந்தால் அப்பாவைத்தான் முதலில் கேட்பாள் என்கிறார்கள். மழைக்காலம் முடிந்ததும் ஹெங்க் ஹாலந்து போனார், நெஞ்சு டாக்டரைப் பார்க்க. இந்த முறை நிஜமாகவே. சண்டை எதுவும் நடந்த மாதிரித் தெரியவில்லை. நடந்திருந்தால் எனக்குக் கேட்டிருக்கும். போவதற்கு முந்தின நாள் மிஷினை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து ஆணியில் மாட்டினார். குளிர்காலம் முடிவதற்குள் வந்துவிடுவேன் என்று என்னிடமும் சொன்னார். குளிர்காலம் வந்தது, போனது. ஜிந்தனா சாயங்காலம் வாசலில் நின்று போன் பேசுகிறாள். என்ன பேசுகிறாள் என்று கேட்க நான் வேலி வரைக்கும் போக வேண்டியிருக்கிறது. அப்போதும் பாதிதான் கேட்கிறது. அந்தக் காலி டப்பாப் பை இன்னும் அவள் வீட்டுப் பின்கட்டில், மிஷின் மாட்டுகிற ஆணிக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. மூன்று சக்கர வண்டிக்காரன் இரண்டு தடவை கேட்டுவிட்டான். இல்லை என்றுவிட்டாள்.

இப்போது விடிந்ததும் கடலோரம் அவள்தான் போகிறாள், அந்த மிஷினோடு. ஹெட்போன் அவள் தலைக்குப் பெரிது. ஒரு கையால் பிடித்துக்கொண்டேதான் நடக்க வேண்டும். எந்தச் சத்தம் தங்கம், எந்தச் சத்தம் மூடி என்று அவளுக்குத் தெரியாது, அதனால் கூவுகிற இடமெல்லாம் தோண்டுகிறாள். பையன்களில் ஒருவன் ஒருமுறை கேலி செய்து பார்த்தான். அவள் மூடியைத் தூக்கிக் காட்டினாள்.

போன ஞாயிற்றுக்கிழமை பாங்காக்கிலிருந்து ஒரு கூட்டம் வந்து என் குடையடியில் உட்கார்ந்திருந்தது. அதில் ஒரு சின்னப் பெண், கறுப்புக் கண்ணாடி போட்டவள், "அய்யோ, அந்த அம்மாவப் பாரு, பாவம்," என்றாள். காலி டப்பாக்களைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு, "பெரியம்மா, இங்க வாங்க," என்று கூப்பிட்டாள். அது மாடி வீட்டுக்காரி, அவள் மருமகன் அரிசி ஆலை வைத்திருக்கிறான் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். ஜிந்தனா என்னை ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டேன்.

அவள் மிஷினை முழங்கை மடிப்பில் தொங்கவிட்டு, இரண்டு கையாலும் பையை வாங்கினாள். தன் மகளைவிடச் சின்னவளான அந்தப் பெண்ணை, முதலில், நன்றாகக் குனிந்து கும்பிட்டாள். அந்தப் பெண் பதறிப்போய் எழுந்து நின்றாள். அதற்குள் ஜிந்தனா ஹெட்போனைப் பிடித்துக்கொண்டு பத்தடி போயிருந்தாள். அங்கே ஏதோ கூவியிருக்க வேண்டும். மண்டியிட்டாள், தோண்டினாள், கையில் வந்ததை வெயிலில் பிடித்துப் பார்த்து இடுப்புப் பையில் போட்டுக்கொண்டாள். பிறகு குழியை மூடி, மேலே உள்ளங்கையால் தடவிக்கொண்டே இருந்தாள், மணல் எப்போதோ சமமாகிவிட்ட பிறகும்.